பதினோராம் டோக்கன்

10 அக்டோபர் 2018, புதன்

வருஷத்தை நோட்டின் தலையில் எழுதியாயிற்று. எனக்கு அது போதாது. கேரளத்தில் வெள்ளம் வந்து, செங்கோட்டை வழியாக அரிசியும் கம்பளியும் லாரி லாரியாகப் போன வருஷம். தை மாதமே பஸ் டிக்கெட்டைக் கூட்டின வருஷம். நாளையிலிருந்து ஆற்றில் புஷ்கரமாம். நூற்று நாற்பத்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவையாம். போன தடவை முங்கினவன் எவனாவது இருந்தால் விவரம் கேட்டுக்கொள்ளலாம். என் வீட்டுக்காரிக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன தீட்டு இந்த வருஷத்தில்தான் திரும்ப வந்தது.

நான் கொம்பையா. வயசு எழுபத்து நாலு. கால்வாயில் மடை திறந்து அடைக்கிற வேலை, இப்போது கூப்பிட்டால் மட்டும். எழுத்து தெரியாது. எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்பதெல்லாம் மனசில்தான் இருக்கும், பிசகினது கிடையாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் எழுதுகிறார். அங்கன்வாடியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

இந்த நோட்டு டாக்டர் கொடுத்தது. "தினமும் ரத்தம் எவ்வளவு படுது, எங்க வலிக்குது, எல்லாம் தேதி போட்டு எழுதிட்டு வாங்க" என்றார். வீட்டுக்காரி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அதனால் நான் சொல்கிறேன்.

நேற்று செவ்வாய். டவுனில் பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் செவ்வாய்தோறும் அந்தச் சோதனை. மயக்கம் கொடுக்காமல் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டு, நுனியில் இருக்கிற கேமராவில் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். நான் "உள்ளே" என்று மட்டும்தான் சொன்னேன். கர்ப்பப்பை என்று டீச்சரே போட்டுவிட்டு, "அதுக்குப் பேரு இருக்குல்லா அண்ணாச்சி? கெட்ட வார்த்தையா அது?" என்கிறார். இருக்கட்டும்.

எங்களுக்குப் பதினோராம் டோக்கன். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆம்பிளை போகக்கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கத்தினது கேட்டது. நாற்பத்தொன்பது வருஷமாக அவள் குரல் எனக்குத் தெரியும். என்னை ஏசுகிற குரல், கோழியை விரட்டுகிற குரல், எல்லாம் தெரியும். நேற்றுக் கேட்டது புதுசு.

பின்னாலேயே வந்துவிட்டாள். கூடையை எடுத்தாள், செருப்பைப் போட்டாள், பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். நான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்கிற நினைப்பே இல்லை.

அவளுக்குப் பின்னால் டாக்டர் ஓடி வந்தார். நஸ்ரின் என்று பெயர், முப்பது வயசு இருக்கும். "தாத்தா, அவங்க நிறுத்தச் சொன்னாங்க, நான் நிறுத்திட்டேன். பாதிகூட ஆகல. ஆனா இதை இப்படியே விட்ரக் கூடாது. இந்த வயசுல ரத்தம் பட்டா, பத்துல ஒருத்தருக்கு அது புத்துநோயா இருக்கலாம். ஒம்பது பேருக்கு இருக்காது. பாத்தாத்தான தெரியும்?"

"மயக்கம் குடுத்துச் செஞ்சா என்னம்மா?"

"அவங்களுக்கு இளைப்பு இருக்கு. மயக்க டாக்டர் யோசிப்பார். ரெண்டு மாசம் காத்திருக்கவும் வேண்டிவரும். மூணு வாரத்துக்குள்ள எப்படியாச்சும் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "இனி அந்தத் திசைக்கே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

11 அக்டோபர், வியாழன்

இன்று கொஞ்சம் பட்டது. இடுப்பு வலி என்று சொல்லவில்லை, உட்காரும்போது சுவரைப் பிடித்தாள். பீடி ஐந்நூறு சுற்றினாள். சாயங்காலம் கடையில் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வந்தோம்.

12 அக்டோபர், வெள்ளி

பட்டது. அளவு தெரியாது. கேட்டதற்கு, "அளந்து பாக்க நான் என்ன மடையா?" என்றாள்.

13 அக்டோபர், சனி

இன்று சண்டை. அதையும் எழுத வேண்டுமா என்று டீச்சரைக் கேட்டேன். எழுதத்தான் வேண்டும் என்கிறார்.

காலையில் நான்தான் ஆரம்பித்தேன். "ஏளா, அஞ்சு நிமிஷ வேலைக்கு இப்பிடிப் பயந்தா எப்பிடி? மூணு பிள்ள பெத்தவதான நீ?"

அவள் கையிலிருந்த பீடி நின்றுவிட்டது. அவள் கை நின்று நான் பார்த்ததில்லை. மாமனார் செத்த அன்றைக்கும் பதினாறு கட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"அங்க இருக்க நர்சும் இதையேதான் சொன்னா. 'பிள்ள பெத்தவதான, இதைத் தாங்க மாட்டியா?'ன்னு. மூணு பிள்ளைக்கும் நீரு எங்க இருந்தீரு?"

"மடையில."

"மூணுக்குமா?"

"மூணும் கார்ப் பருவத்துல பிறந்ததுக்கு நான் என்ன செய்ய?"

இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். வலித்தது பெரிசில்லையாம். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுக் கத்திவிட்டாளாம். எழுந்து வரும்போது எல்லோரும் அவளைப் பார்த்தார்களாம். "எனக்குப் பெறகு நின்ன ரெண்டு பிள்ளைய, நான் கத்துனதைக் கேட்டு டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டுதுவ. அந்தப் பாவம் வேற எனக்கு."

நான் வெளியே போனேன். இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்கு அகத்தி ஒடித்துப் போட்டேன். அது வழக்கமாக அவள் செய்கிற வேலை.

14 அக்டோபர், ஞாயிறு

ஒரு சொட்டும் இல்லை. டீச்சர் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறார்.

இன்று கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். மடைக்கு ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். இங்கே திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அடைத்தால் அது வற்றவும் ஒரு நேரம் உண்டு. காலையில் ஆறு மணிக்குத் திறந்து பத்து மணிக்கு அடைத்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு ஒருவன் வந்து தண்ணீர் எங்கே என்று கேட்டால், நான் என்ன சொல்வேன்?

அப்போதுதான் உறைத்தது. டாக்டர் அன்றைக்கு முன்னாலேயே இரண்டு வலி மாத்திரை கொடுத்து, "வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். டோக்கன் வாங்க ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதனால் ஆறு மணிக்கு, பஸ்ஸில், என் கண் முன்னால்தான் முழுங்கினாள். சோதனை என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டே முக்கால்.

மாத்திரை அந்த நேரத்துக்கு எந்த வயலைத் தாண்டிப் போயிருக்கும்?

15 அக்டோபர், திங்கள்

பட்டது, கொஞ்சம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குப் புஷ்கரத்துக்குப் போய் முங்கிவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "உமக்கு எதுக்கு? தினமும் ஆத்துலதான முங்குதீரு" என்றாள். பன்னிரண்டு நாளைக்கு அந்தத் தண்ணீருக்கு வேற மதிப்பு என்றேன்.

16 அக்டோபர், செவ்வாய்

இன்று எழுத நிறைய இருக்கிறது. டீச்சர் இரண்டு பேனா கொண்டுவந்திருக்கிறார்.

பஸ் முழுக்க முங்க வந்த கூட்டம். ஆளுக்கொரு குடம், பிளாஸ்டிக் பாட்டில். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நான் இறங்கியதும் கண்டக்டர், "பெரியவரே, ஆறு அடுத்த ஸ்டாப்பு" என்று கத்தினார்.

கம்பிக் கதவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு முதல் டோக்கன் உள்ளே போயிற்று. ஒவ்வொருத்திக்கும் இருபது நிமிஷம். பத்தரைக்கு டீ; கால் மணி நேரம். வெளியே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேர் தெரியாது, சேலையை வைத்து அடையாளம். முதலில் போன மஞ்சள் சேலை சாதாரணமாக நடந்து வந்து, போனில் யாரையோ ஏசிக்கொண்டே போனாள். இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலப் பூப்போட்டது, இரண்டு பேரும் பரவாயில்லை. ஐந்தாவது கொஞ்சம் குனிந்து வந்தாள். எட்டாவது அரக்குச் சேலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது பெண்ணைத் தாங்கி அழைத்து வந்தார்கள்.

கேட்டால்தானே தெரியும்? அரக்குச் சேலைக்காரியிடம் போய், "தாயி, நீ மாத்திரை எத்தனை மணிக்குப் போட்ட?" என்றேன். அவளுடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருவே நீரு? பொம்பளைப் பிள்ளைககிட்ட வந்து என்ன கேள்வி கேக்கீரு? வயசானாலும் புத்தி போகுதா பாரு!"

வாட்ச்மேன் வந்துவிட்டான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கூட்டம் கூடிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். பாக்கியசீலி சிஸ்டர் என்று சட்டையில் எழுதியிருந்ததாம், பிறகு சொன்னார்கள். வீட்டுக்காரியிடம் அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர்தான். அன்றைக்கும் உள்ளே இருந்த நர்ஸ் இவர் ஒருவர்தானாம்.

"போன வாரம் கத்திட்டுப் போனாங்கள்ல, அவங்க வீட்டுக்காரர்தான நீங்க? இங்க என்ன பண்றீங்க?"

"மாத்திரை எண்ணுதேன்" என்றேன்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்த பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நான் நின்றுகொண்டே ஒப்பித்தேன். முதல் டோக்கன் ஒன்பது மணி, மஞ்சள் சேலை, நல்லா நடந்தாள். எட்டாம் டோக்கன் பதினொன்றே முக்கால்வாக்கில், அரக்கு, சுவரைப் பிடித்தாள். போன வாரம் பதினோராம் டோக்கன், என் வீட்டுக்காரி, காலையில் ஆறுக்குப் போட்டது, வெறும் வயிறு. "எல்லாப் பேரும் விடியக்காலம் பஸ் ஏறும்போதே முழுங்கிருதாவ. முன்னால உள்ள வயலுக்குத் தண்ணி இருக்கு. கடைமடைக்கு வரும்போது காஞ்சு போயிருது."

 டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க தாத்தா" என்றார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். இன்றைக்கு வந்தவர்களில் இன்னும் போகாமல் இருந்த நாலு பேரை வரச்சொல்லி அவரே கேட்டார். ஐந்தரை, ஆறு, ஐந்து, ஆறு. ஒருத்திகூட ஏழுக்கு மேல் போடவில்லை.

"நாங்க சொன்னது, உள்ள வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு நினைச்சுச் சொன்னோம்."

"வர்றதுன்னா ஆஸ்பத்திரிக்கு வர்றதுதானம்மா?"

தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் கலங்கி இருந்தது. "எட்டு மாசமா இந்தக் கிளினிக் நடத்துறேன் தாத்தா. பன்னெண்டு மணிக்கு மேல வர்றவங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு, என் கை அசந்து போகுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பாக்கியசீலி சிஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு ஒரு டம்ளர் டீ வந்தது. யார் சொல்லி வந்தது என்று தெரியாது.

திரும்பும்போது ஆற்றில் இறங்கி மூன்று முங்கு முங்கினேன். உடம்புச் சூட்டுக்காக.

17 அக்டோபர், புதன்

பட்டது. வலி உண்டு என்று அவளே சொன்னாள். இதுதான் முதல் தடவை.

நேற்று நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுற்றினாள். வாட்ச்மேன் என்னைப் பிடித்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள்தான், பீடித் தட்டு மடியிலிருந்து சரிகிற வரைக்கும் சிரித்தாள். டீச்சர் வீட்டிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"எழுபத்து நாலு வயசுல பொம்பளப் பிள்ளைகள வம்பு பண்ணினான்னு போலீஸ்ல பிடிச்சுக் குடுத்திருந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜாமீன் எடுக்க வருவேன்?"

சிரித்து முடித்ததும், "அப்ப நான் தாங்காதவ இல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பீடியைப் பார்த்துச் சொன்னாள்.

20 அக்டோபர், சனி

மூன்று நாளாக விட்டு விட்டுப் படுகிறது. இன்று டாக்டர் டீச்சருடைய போனில் பேசினார். அடுத்த வாரம் வேண்டாம், முப்பதாம் தேதி வாருங்கள், அதற்குள் முறையை மாற்றிவிடுகிறேன் என்றார். இனி மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது இல்லையாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமாம். டோக்கன் எண்ணைப் பார்த்து, மூன்று மூன்று பேராக, நேரம் வரும்போது சிஸ்டரே கையில் கொடுத்து முழுங்க வைப்பார்களாம். கர்ப்பப்பை வாய் மரத்துப்போகிற ஊசி உண்டாம். கூட ஒரு பொம்பிளை நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாமாம். எப்போது நிறுத்து என்றாலும் நிறுத்துவாராம்.

போனைக் கையில் வாங்கி அவளே பேசினாள். "டாக்டரம்மா, நான் கத்துனதுக்குக் கோவிச்சுக்கிடாதீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வைத்த பிறகு சொன்னாள். "'கத்துனாத்தான் எனக்குத் தெரியும், கத்தாதவங்களை நினைச்சாத்தான் எனக்குப் பயம்'னு சொல்லுது அந்தப் பிள்ள."

24 அக்டோபர், புதன்

போவதாக முடிவு. ஆனால் கண்டிஷன் போடுகிறாள். கூட வருவது டீச்சர்தான். "இவரு வேண்டாம். எனக்கு முன்னால இவரு விழுந்துருவாரு, பெறகு டாக்டரு யாரைப் பாக்கும்?" அந்த நர்ஸ் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லக்கூடாது. பிறகு கடைசியாக ஒன்று. அங்கே படுத்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருக்க முடியாதாம். போன தடவை அதுதான் பெரிய வேதனையாம். ஒன்பது வயசிலிருந்து அவள் கை சும்மா இருந்ததில்லை.

"பீடி சுத்துதேன்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள புகையிலையா? ஏளா, பிடிச்சு வெளிய போட்ருவாவ."

"தூளு வேண்டாம். வெறும் இலைய வெட்டிக் கொண்டுபோறேன். நூலு கொண்டுபோறேன்."

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்?

27 அக்டோபர், சனி

பட்டது. நான் ராத்திரிச் சாப்பாடு இரண்டு நாளாகச் சாப்பிடுவதில்லை என்று டீச்சர் எழுதச் சொல்கிறார். பசிக்கவில்லை, அவ்வளவுதான். பத்தில் ஒன்று என்பது பெரிய கணக்கு இல்லை. என் கால்வாயில் பத்துப் பத்து வயலாக நாலு பத்து. அதில் ஒரு பத்தில் எந்த வயல் காயும் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா? முடியாது. அதனால் யோசிப்பதில்லை.

30 அக்டோபர், செவ்வாய்

முடிந்தது.

இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனோம். டோக்கன் ஏழு. பதினொன்று கிடைக்கவில்லையே என்று அவளுக்கு வருத்தம், பழகிப்போயிற்றாம். பாக்கியசீலி சிஸ்டர் மாத்திரைத் தட்டுடன் பெஞ்சுக்கு வந்தார். "ஏழு, எட்டு, ஒம்பது, இப்ப முழுங்குங்க" என்றார். மூன்று பேரும் முழுங்கினார்கள். பக்கத்தில் அடுத்த மூன்று பேர் காத்திருந்தார்கள். மடை திறந்த மாதிரிதான் இருந்தது. நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

சிஸ்டர் என் வீட்டுக்காரி முன்னால் கொஞ்சம் நின்றார். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு பிள்ளை. ரெண்டுக்கும் நான் போட்ட சத்தத்தை நானே மறந்துட்டேன்."

"எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. அவரு பெத்த மாதிரி" என்றாள் இவள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். தாய்ப்பால் படம். அதையும் பார்க்க முடியவில்லை.

உள்ளே நடந்தது டீச்சர் சொல்லித்தான் தெரியும். கட்டிலில் படுத்ததும் கூடையிலிருந்து வெட்டின இலைக்கட்டை எடுத்து வயிற்றின் மேல் பரப்பினாளாம். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டாளாம். ஆயா பதறி, "ஏ பாட்டி, இது என்ன, பீடியா?" என்றதற்கு, டாக்டர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "இலைதான். இருக்கட்டும். திரைக்கு இந்தப் பக்கம் வராம இருந்தாச் சரி" என்றாராம். ஊசி போடும்போது எறும்பு கடித்தது போல என்றாளாம். டாக்டர் ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே செய்தாராம்: இப்போது குளிர்ச்சியாக இருக்கும், இப்போது இழுக்கிற மாதிரி இருக்கும். நிறுத்தட்டுமா, நிறுத்தட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

"நீங்க உங்க சோலியப் பாருங்க தாயி. நான் என் சோலியப் பாக்கேன்."

உள்ளே ஒரு சதை முடிச்சு இருந்ததாம், பட்டாணி அளவு. அதையும் அங்கேயே எடுத்துவிட்டார்களாம். முடிந்ததும் டாக்டர், "வலி எவ்வளவு இருந்துச்சும்மா? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாராம். அவளுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. வயிற்றின் மேல் இருந்த பீடியை ஒவ்வொன்றாக எடுத்து டாக்டரின் கையில் வைத்தாளாம். மொத்தம் பதினொன்று. எட்டு நன்றாக இருந்தன. ஆறாவது கொஞ்சம் தளர்ச்சி. ஏழாவது வாய் மடங்கவில்லை. எட்டாவதில் நூல் இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரு சுற்று.

"இந்த மூணுதான்" என்றாளாம். "அதுக்குப் பெறகு சரியாப் போச்சு."

டாக்டர் அந்த மூன்றையும் தன் மேசையில் வைத்துக்கொண்டாராம்.

வெளியே பெஞ்சில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராவிட்டாலும் பயமாகத்தான் இருக்கிறது. அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். நடந்து வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிறகு நின்ற எட்டாம் டோக்கன், சின்னப் பெண், முகம் வெளுத்துப்போய், "வலிக்குமா பாட்டி?" என்று கேட்டாள்.

இவள் உட்கார்ந்து யோசித்தாள். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. "இடையில கொஞ்சம் வலிக்கும்ளா. மூணு பீடி நேரம். பெறகு விட்டுரும். நிறுத்துன்னு சொன்னா அந்தப் பிள்ள நிறுத்திரும், நான் போன தடவ பாத்துட்டேன்." அந்தப் பெண் பீடி நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை. போய்விட்டாள்.

ரிசல்ட் பதின்மூன்றாம் தேதி.

1 நவம்பர், வியாழன்

லேசாகப் பட்டது. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி ஒன்று டீச்சர் வீட்டு மல்லிச் செடியைத் தின்றுவிட்டது. அதையும் எழுதச் சொல்கிறார்.

6 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. ஒன்றும் படவில்லை. திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினான். அம்மா எங்கே என்றான். பீடி சுற்றுகிறாள் என்றேன். தீபாவளி அன்றைக்குமா என்றான். கையை நிறுத்தினால் யோசனை வரும் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள், அதை அவனிடம் சொல்லவில்லை.

புதுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். நிறம் பிடிக்கவில்லை என்றாள். கட்டிக்கொண்டாள்.

10 நவம்பர், சனி

படவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வடிகிறது. பீடித் தூள் பறந்திருக்கும். டீச்சர், வீட்டில் மூன்று நாளாகத் தூளே இல்லை என்கிறார். எழுதினால் எழுதட்டும்.

13 நவம்பர், செவ்வாய்

டாக்டர் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆம்பிளை உள்ளே வரலாம் என்று சிஸ்டரே கூப்பிட்டார். ஒரு தாளை டாக்டர் கையில் வைத்திருந்தார். எனக்குத் தாளைப் படிக்கத் தெரியாது. முகத்தைப் படித்தேன்.

"ஒண்ணுமில்ல. புத்து இல்ல. சாதாரணச் சதை முடிச்சுதான், அதையும் எடுத்தாச்சு. திரும்பப் பட்டா மட்டும் உடனே வாங்க."

என் பக்கத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான், "சரிம்மா" என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். பிறகு டாக்டரிடம், மாத்திரை முறை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். இந்த இரண்டு வாரத்தில் பாதியில் எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லையாம். கடைசி டோக்கன் வரைக்கும்.

மேசை ஓரத்தில், கண்ணாடிக் குப்பியில், மூன்று பீடி நின்றிருந்தது.

டாக்டர் ஒரு நீளத் தாளை எடுத்தார். ஃபைலை முடிக்க வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி நோய் உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், என்ன ஆனார்கள் என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார். அவள் என்னைக் கைகாட்டினாள்.

"இவருகிட்டக் கேளுங்க. எங்க வீட்டுச் சாவு எனக்கே மறந்துபோச்சு. இவரு வருஷம், கிழமை எல்லாம் சொல்லுவாரு."

சொன்னேன். இவளையும் சேர்த்துக் கூடப் பிறந்தது அஞ்சு பேர். அஞ்சும் பொம்பிளை. இரண்டாவது முப்பிடாதி, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், அம்மை. பதினெட்டு வயசு. மூன்றாவது பேச்சித்தாய், ஆற்றில் பெருவெள்ளம் வந்து பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடின வருஷம், மஞ்சள் காமாலை. வெள்ளத்தால் மூன்று நாள் தூக்கிப்போக வழி இல்லை. நாலாவது கோமதி, சுனாமி வந்ததற்கு மறு மாசம், சர்க்கரை, காலில் புண். எல்லோருக்கும் மூத்தவள் இசக்கியம்மாள், ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருஷம். பாங்கு வரிசையில் நிற்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து படுத்தாள், எழுந்திருக்கவில்லை, நெஞ்சு. ஒருத்திக்கும் இந்த நோய் கிடையாது.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். கை வலித்திருக்கும், பேனாவை ஒரு தடவை உதறினார்.

"அப்ப அஞ்சு பேர்ல இப்ப உயிரோட இருக்கிறது யாரு தாத்தா?"

அவர் ஃபைலில் மேலேயே இவள் பேர் எழுதியிருக்கும். இருந்தாலும் கேட்டார், நான் சொன்னேன்.

"கடைசிப் பிள்ள. உலகம்மாள்."